நீ வரவழைத்த அலுமினிய ஹப்புகள்

என் செல்லத் தம்பி சிவாவுக்கு,

உன் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. உன் காரியம் முடிந்து, வாசலில் பந்தல் பிரித்த வாரம். கூரியர்காரர் நம் பட்டுக்கடை வாசலில் நின்று, "சிவகுமார் சார் இல்லிங்களா? கையெழுத்து போடணுமே" என்றார். அப்பா கல்லாவை விட்டு எழுந்திருக்கவே இல்லை. நான்தான் போய்ப் போட்டேன்.

கனமாக இருக்கும் என்று இரண்டு கையாலும் தூக்கினேன். இல்லை. உள்ளே உன் காரின் முன்சக்கரங்களுக்கான அலுமினிய ஹப் இரண்டு, பிரேக் போட்டால் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் இரண்டு. சக்கரத்தை போல்ட் போட்டு இறுக்குகிற நடுப்பகுதிதான் ஹப் என்று சாப்பிடும்போது இட்லியை வைத்து எனக்குப் பாடம் எடுத்தவனாயிற்றே நீ. "இரும்பு போயி அலுமினியம் வந்தா சக்கரம் லேசாயிடும்க்கா. பள்ளத்துல குதிச்சாலும் டயரு ரோட்ட விடாது" என்பாய். புடவை மடித்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாயே, அதற்கு எத்தனை நாள் முன்பு இதை ஆர்டர் செய்தாய்? பார்சலில் இருந்த தேதியை நான் பார்க்கவில்லை. பார்க்க மனம் வரவில்லை.

கடைக்குப் பின்னால் ஷெட்டில் நிற்கும் உன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை விற்றுவிட வேண்டும் என்றார் அப்பா. "அந்த ஷெட்ட தாண்டிப் போவ முடியலம்மா. யாராச்சும் எடுத்துகினு போவட்டும்." கோபமாகச் சொல்லவில்லை, சிவா. கெஞ்சுவதுபோல் சொன்னார்.

வேலூரில் இருந்து ஒரு டாக்டர் மனைவியோடு வந்தார். காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவருக்குப் பிடித்துவிட்டது. ஓரமாக நின்ற உன் பெண்டாட்டி கௌரி முன்னால் வந்து, "புது பார்ட்ஸ் வந்திருக்கு சார். அவரு ஆசப்பட்டு வாங்கினது. மாட்டிட்டுக் குடுக்கறேன்" என்றாள்.

"பரவால்ல சிஸ்டர், பொட்டியோட குடுங்க, நான் அங்க மாட்டிக்கறேன். இன்னிக்கே ஓட்டிகினு போயிடறோம்."

"இல்ல சார். மாட்டினப்புறம் வாங்க."

அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கும்தான். இவள் எதற்காகத் தள்ளிப்போடுகிறாள், பிடிவாதமா, பிரிய மனமில்லையா என்று நினைத்தேன். அவளுக்கே தெரிந்திருக்குமா என்ன?

நம் ஊர் சேத்துப்பட்டு ரோட்டில் கராஜ் வைத்திருக்கும் உன் சிநேகிதர் நசீரைக் கூப்பிட்டேன். உன் பாடைக்குத் தோள் கொடுத்ததற்குப் பிறகு அவர் நம் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை. வந்தார். ஷெட்டின் கதவைத் திறந்து காரின் கூரையை ஒருமுறை தடவினார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு வேலையில் இறங்கினார்.

இடது சக்கரத்தைக் கழற்றி, பழைய இரும்பு ஹப்பைத் துடைத்தவர் முகத்தை அதன் கிட்டே கொண்டுபோனார்.

"அக்கா, டார்ச்ச இங்க காட்டுங்க."

போல்ட்டின் அடியிலிருந்து தலைமுடி போல ஒரு விரிசல். நகத்தை வைத்துத் தேய்த்தால்தான் தெரிந்தது.

"ஸ்பீடா போய்கினு இருக்கும்போது இது ஒடைஞ்சிருந்தா சக்கரமே கழண்டு ஓடியிருக்கும்க்கா" என்றார்.

கௌரி சுவரில் சாய்ந்துகொண்டாள். அன்றே இந்தக் காரில் ஏறிப் போயிருக்க வேண்டிய அந்த டாக்டரின் மனைவியைத்தான் அவள் நினைத்திருக்க வேண்டும். நான் உன்னை நினைத்தேன். 'பிரேக் போட்டா இடது பக்கம் ஏதோ முனகுதுக்கா' என்று ஒருமுறை சொன்னாயே. அதனால்தான் ஆர்டர் செய்தாயா? இல்லை, வெறும் எடை குறையத்தானா? உனக்குத் தெரியுமா, தெரியாதா சிவா?

அன்று மாலையே கௌரி டாக்டருக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். "ரொம்ப தேங்க்ஸ் சிஸ்டர்" என்று மட்டும் சொல்லி வைத்தாராம்.

சக்கரம் சுழல உதவும் இரும்பு வளையமான பேரிங்கைக் குளிர வைத்து ஹப்பைச் சூடாக்கினால் லேசாக உள்ளே போய் உட்காரும் என்றார் நசீர். அதனால் பேரிங் இரண்டும் நம் வீட்டு ஃப்ரீசரில் கிடந்தன. அப்பா ஐஸ்கட்டி எடுக்கப் போய், "ஏம்மா, இது என்ன, இரும்புல வட சுட்டு வெச்சிருக்கீங்க?" என்றார். நீ போன பிறகு அவர் சொன்ன முதல் வேடிக்கை அது. நாங்கள் சிரித்துவிட்டு, உடனே ஒருவரை ஒருவர் பார்க்காமல் திரும்பிக்கொண்டோம்.

கடைசி வேலை, பிரேக் குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்றுவது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அழுத்த வேண்டும். கௌரி உட்கார்ந்தாள். உன் உயரத்துக்கு வைத்த சீட். நுனியில் உட்கார்ந்து காலை நீட்டியும் அவளுக்குப் பெடல் முழுசாக எட்டவில்லை.

"முழுசா அமுக்கணும் தங்கச்சி. சீட்ட முன்னாடி இழுத்துக்கோ" என்றார் கீழே படுத்திருந்த நசீர்.

அவள் இழுக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். நீ விட்டுப்போன இடத்திலேயே நின்றிருந்த கடைசிப் பொருள் அந்த சீட்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நசீரும் புரிந்துகொண்டு சும்மா காத்திருந்தார்.

பிறகு அவள் குனிந்தாள். 'கடக்' என்று ஒரு சத்தம். சீட் முன்னால் வந்தது.

"அமுக்கட்டுமா அண்ணா?" என்றாள். பெடலில் அவள் கால் உறுதியாக இருந்தது.

மறுநாள் காலை அவளே களம்பூர் ரோட்டில் ஓட்டினாள். பக்கத்தில் நான். ரோடு காலியாக இருந்த இடத்தில், "புடிச்சுக்கோங்க அண்ணி" என்று சொல்லி பிரேக்கை அழுத்தினாள். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுக்காமல், முனகாமல், கார் நேராக நின்றது. அவள் தலையை ஸ்டீயரிங்கில் சாய்த்து அழுதாள். பின்னால் வந்த நெல் லாரி ஹாரன் அடித்த பிறகுதான் கிளம்பினோம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், "விக்கல மாமா. டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன். நானே ஓட்டறேன்" என்றாள். அவர் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "மழத்தண்ணி ஒழுவுது, அந்த ஷெட்டுக்கு ஓடு மாத்தணும்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த மாதம் சென்னைப் பக்கம் ரேஸ் ட்ராக்கில் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க ஒரு நாள் விடுகிறார்களாம். கௌரி பெயர் கொடுத்திருக்கிறாள். நானும் போகிறேன். வேலியோரம்தான் நிற்பேன், சிவா. அவள் எவ்வளவு வேகமாக என்னைத் தாண்டிப் போனாலும், 'மெதுவா' என்று கத்த மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த,
மங்கை அக்கா