பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?

தாராவி
12 பிப்ரவரி 2025

என் மகள் கலைச்செல்விக்கு,

அம்மா எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பெங்களூரில் குளிர் அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள். டிவியில் செய்தி மட்டும்தான் பார்க்கிறேன்.

நீ மூன்று தடவை போன் பண்ணினாய். நான் எடுக்கவில்லை. எடுத்தால் அழுவேன். நம் பத்துக்குப் பத்து அறையில் அழுதால் சந்து முழுக்கக் கேட்கும், ஆளாளுக்கு ஆறுதல் சொல்ல வந்துவிடுவார்கள். எட்டு மாதமாக ஆறுதல் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிற்று. அதனால்தான் காகிதம். நான் நாலாவது வரை படித்தவள், இதை எழுத எனக்கு மூன்று நாள் ஆகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

மன்சூர் பாய் பட்டறைக்கு மறுபடி போகிறேன். தோல் பையில் பிசிறு நூல் வெட்டுகிற அதே வேலை. மாடுங்காவில் அப்பா இஸ்திரி போட்ட கட்டடத்தில் இன்னும் வேறு ஆளை வைக்கவில்லையாம். அங்கேயுள்ள அம்மா ஒருத்தி என்னை வழியில் நிறுத்தி, “சுடலைக்கண்ணன் தேச்சா மடிப்பு ரெண்டு நாள் நிக்கும்”னு சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் அடுத்த அறை கீதா ஓடிவந்தாள். “அக்கா, உங்க கலை பெரிய ஆளாயிட்டா! ஒம்பது பாட்டு போட்டுருக்கா. ‘தண்ணி வர்ற நேரம்’னு பேரு. ஜப்பான்காரன் ஒருத்தன் இதைக் கேட்டுக்கிட்டே செடிக்குத் தண்ணி ஊத்துறேன்னு எழுதியிருக்கான், பாருங்க!” என்றாள்.

எனக்குப் பயம் வந்தது, கலை.

அப்பாவை நடுவீட்டில் கிடத்தியிருந்தபோது நீ என் பக்கத்தில் உட்கார்ந்து, போனை என் மடிக்குக் கிட்டே பிடித்திருந்தாய். நான் ஒப்பாரி வைத்து அழுததைப் பதிந்தாய். பெரியப்பா பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, எல்லார் முன்னாலும் நான் கேட்டேன்: “ஏட்டி, அப்பன் செத்தது ஒனக்குப் பாட்டா? போ, விக்கிற எடத்துல போய் வித்துக்கோ.” நீ பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

அந்த ஒன்பதில் என் அழுகை இருக்கிறதா? ஊர் உலகம் எல்லாம் அதைக் கேட்டுக்கொண்டு செடிக்குத் தண்ணி ஊற்றுகிறதா? நானே கேட்டுப் பார்க்கலாம் என்றால், வருஷம் திரும்பும் வரை வீட்டில் பாட்டு கூடாது. உனக்குத் தெரியும், பெரியப்பா அதில் கறார்.

நீயே சொல்.

அம்மா,
சொர்ணம்மாள்


பெங்களூர்
21 பிப்ரவரி 2025

அம்மா,

உன் கடிதத்தை ஏழு தடவை படித்தேன். நான் முனிசிபாலிட்டி பள்ளியில் ஏழாவது வரைதான் தமிழ் படித்தேன், அதற்குப் பிறகு தமிழில் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. கீதா அக்காவிடம் காட்டாதே. சிரிப்பாள்.

நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். பொய் சொல்லவில்லை, இந்த வாரம் மட்டும்.

நீ கேட்டதற்கு “இல்லை” என்று ஒரு வார்த்தையில் எழுதிவிடலாம். ஆனால் அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் நீ என் வார்த்தையைக் கேட்கவே இல்லை. இப்போது மட்டும் என் ஒரு வார்த்தை எப்படிப் போதும்? நீயே கேள், அம்மா. ஒன்பதையும் கேள். மொத்தம் நாற்பத்தாறு நிமிடம். வீட்டு வழக்கத்தை எனக்காக மீற வேண்டாம், பெரியப்பாவிடம் கேட்டுவிட்டே கேள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அதில் யாரும் பாட மாட்டார்கள். வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. மேளம், வயலின் எதுவும் இல்லை. கம்ப்யூட்டரில் சத்தங்களை இழுத்து, கரைத்துச் செய்தது. மெதுவாக வரும். அவசரப்படாதே.

கலை


தாராவி
9 மார்ச் 2025

என் மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் கோர்ட் நடந்தது. கேள்.

பெரியப்பா திலக் நகரிலிருந்து வந்தார். நான் வாயைத் திறக்கும் முன்னே கீதா ஆரம்பித்துவிட்டாள். அவர் ஒரேயடியாக, “பாட்டுன்னா பாட்டுதான். வருசம் திரும்பல. முடியாது” என்றார்.

“பெரியப்பா, இதுல யாரும் பாட மாட்டாங்க.”

“பாடாம என்னம்மா பாட்டு?”

“ஒரு தடவை கேட்டுட்டுச் சொல்லுங்களேன்.”

“கேக்கலாமா கூடாதான்னு தெரிஞ்சுக்கறதுக்காகக் கேக்கறதா?” என்றார். பிறகு, “சரி. விசாரணைக்காக” என்றார். முழங்காலில் கையை ஊன்றி, கண்ணை மூடி உட்கார்ந்தார். கீதா போனைப் போட்டாள். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது பாதிக்கு வந்தது. பெரியப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“எப்பம்மா ஆரம்பிக்கும்?”

“ஆரம்பிச்சுப் பத்து நிமிசம் ஆச்சு, பெரியப்பா.”

“இதுவா?” இன்னும் கொஞ்சம் கேட்டார். “ஏ, இது பாட்டே இல்ல! தாராளமா கேக்கலாம்.”

கீதா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்பா போனதற்குப் பிறகு இந்த அறையில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. தீர்ப்புச் சொன்ன மனுஷன் எழுந்து போவார் என்று பார்த்தால், “எதுக்கும் பாக்கியையும் கேட்டுருவோம். நடுவுல எவனாவது பாடிட்டா?” என்று ஒன்பதையும் கேட்டார். கடைசியில், “நான் வேலை பாத்த மில்லுல சங்கு ஊதி மெசின் எல்லாம் நின்ன பெறகு ஒரு சத்தம் இருக்கும். அதுதான் இது. இவளுக்கு எப்படித் தெரியும்? மில்லை மூடும்போது இவ பொறக்கவே இல்லையே” என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினார். செருப்பு காலில்தான் இருந்தது.

மறுநாள் நான் பட்டறையில் சொல்ல, மன்சூர் பாய் ஸ்பீக்கரில் போட்டார். தோல் ஒட்டுகிற சிராஜ் பீகார்க்காரன். கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “அம்மா, கானா கப் ஷுரூ ஹோகா?” என்றான். பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று அவனுக்கும் அதே சந்தேகம்! மூன்றாம் நாள் அவனே வந்து, “அம்மாவாலா லகாவ்” என்று, அம்மா கொண்டுவந்ததைப் போடச் சொன்னான். இப்போது தினமும் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை ஓடுகிறது. மன்சூர் பாய், “சொர்ணக்கா, பசங்க வெட்டிப்பேச்சு கொறைஞ்சிருச்சு. எனக்குத்தான் போரடிக்குது” என்கிறார். அவருக்கு அது தகரக் கூரையில் மழை மாதிரி கேட்கிறதாம். கீதாவுக்கு அது சான்பாடாவுக்கு வேலைக்குப் போகும்போது, மான்குர்த் தாண்டிப் பாலத்தில் ரயில் போகிற சத்தமாம். “ஏழாவது பாட்டுல ஜன்னல் ஓரத்துல எடம் கெடைச்ச மாதிரி இருக்கு அக்கா” என்கிறாள்.

நான் வேறு மாதிரி கேட்டேன், கலை. ஒவ்வொன்றிலும் என்னைத் தேடினேன். என் மூச்சு, என் மாரில் அடிக்கிற சத்தம், ஏதாவது. கீதாவின் இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு நாலு நாள் தேடினேன்.

நான் அதில் இல்லை.

அன்றைக்கு எல்லார் முன்னாலும் உன்னைப் பேசினேன். அதனால் நேற்று பெரியப்பா, பெரியம்மா, கீதா, மன்சூர் பாய் எல்லாரையும் வைத்துக்கொண்டு, தப்பு என் மேல்தான் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. நாலாவது பாட்டில் அப்பா இருக்கிறார்தானே? கையில் தண்ணீரை அள்ளித் துணியில் தெளிப்பார், பிறகு இஸ்திரிப் பெட்டியை வைப்பார், சொய்ங் என்று ஆவி வரும். அது கேட்கிறது. பதினோரு தடவை கேட்டுவிட்டேன். எப்போது பதிந்தாய்? எனக்குச் சொல்லவே இல்லையே.

பெரியப்பா உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னார். எனக்கும் அதுதான் கேள்வி. என் அழுகை அதில் இல்லை என்றால், அது எங்கே இருக்கிறது?

அம்மா


பெங்களூர்
20 மார்ச் 2025

என் அம்மாவுக்கு,

பெரியப்பா செருப்பு தேடிய இடத்தைப் படித்துவிட்டு ஆபீஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவனுக்கு அதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை.

நாலாவது பாட்டைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். “ஆமாம், அது அப்பாதான்” என்று எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் உன்னிடம் இனிமேல் ஒன்றையும் மறைப்பதாக இல்லை. அது என் அறை ஃபேன், அம்மா. கூடவே எங்கள் மாடியில் தொட்டி நிறைந்து வழிகிற சத்தம். இரண்டையும் எட்டு மடங்கு மெதுவாக்கினேன். அப்பா வேலை செய்ததை நான் பதியவே இல்லை. அப்பா எப்போதும் இருப்பார் என்று நினைத்துவிட்டேன்.

ஆனால் வருத்தப்படாதே. அதே நாலாவது பாட்டைக் கேட்டுவிட்டு போலந்திலிருந்து ஒரு பெண், தன் வீட்டு வாசலில் பனி விழுகிறது என்று எழுதியிருக்கிறாள். அவளுக்குப் பனி, உனக்கு அப்பா. நீ கேட்டது பொய் இல்லை.

இப்போது உன் கேள்வி. அது என்னிடம்தான் இருக்கிறது. இருபத்திரண்டு நிமிடம். யாருக்கும் கொடுக்கவில்லை. எதற்காகப் பதிந்தேன் என்று அன்றைக்கே கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. எனக்கு அழுகை வரவில்லை, அம்மா. எல்லாரும் பந்தல், ஐஸ்பெட்டி, வண்டி என்று அலைந்துகொண்டிருந்தார்கள். நீ பாடியதை யாருமே கேட்கவில்லை. இது இப்படியே காற்றில் போய்விடுமே என்று போனைப் பிடித்தேன்.

நீ என்ன பாடினாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

“ஊர்ச் சட்டையெல்லாம் தேச்ச ராசா, ஒன் சட்டை கசங்கிக் கெடக்கே” என்று ஆரம்பித்தாய். அப்பா எங்கே போனாலும் வழி தெரியாமல் சுற்றுவதை, மீன்காரியிடம் ஏமாறுவதை எல்லாம் பாடினாய். அப்புறம், “எந்திரி ராசா எந்திரி, பாதிச் சண்டை மிச்சமிருக்கு, பதில் சொல்லிட்டுப் போ ராசா” என்றாய்.

அந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். பதிவில் என் சிரிப்பும் இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் பெரியப்பா திரும்பிப் பார்த்தார். அழுகிற வீட்டில் போனை வைத்துக்கொண்டு ஒருத்தி சிரிக்கிறாள் என்றால் யார்தான் தப்பாக நினைக்க மாட்டார்கள்? அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

இது உன்னுடையது. நீ சொன்னால் இன்றைக்கே அழித்துவிடுகிறேன்.

கலை


தாராவி
2 ஏப்ரல் 2025

என் தங்கமே,

அழிக்காதே. இதை முதல் வரியிலேயே எழுதுகிறேன். தபால் போய்ச் சேருவதற்குள் நீ ஏதாவது செய்துவிடுவாயோ என்று கீதாவை விட்டு உனக்கு மெசேஜும் அனுப்பிவிட்டேன்.

நான் பாடியதில் ஒரு சொல்கூட எனக்கு ஞாபகம் இல்லை. மாரில் அடித்தது தெரியும், தொண்டை கட்டியது தெரியும். மீன்காரியை எல்லாமா இழுத்தேன்? நல்லவேளை, அவள் அன்றைக்கு வரவில்லை.

ஆனால் அந்தப் பாதிச் சண்டை எது என்று உன் கடிதத்தைப் படித்ததும் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்குக் காலையில் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, “சர்க்கரையே போடல” என்றார். “ரெண்டு ஸ்பூன் போட்டேன்” என்றேன். “போடல.” “போட்டேன்.” “நாக்கு ஒனக்கா எனக்கா?” என்று கேட்டார். நான் பதிலுக்கு வாயெடுக்கும் முன்னே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

போட்டேன், கலை. ரெண்டு ஸ்பூன். உன்னிடமாவது சொல்லிவிடுகிறேன்.

இதைப் பத்து மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. கடைசியாகச் சண்டை போட்டுத்தான் அனுப்பினேன் என்று உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினேன். உன் கடிதத்தைப் பார்த்தால், நான் அன்றைக்கே அத்தனை பேர் நடுவில் அதைப் பாடி முடித்திருக்கிறேன். கேட்டது நீ ஒருத்திதான்.

உலகத்துக்கு உன் ஃபேன் போதும். அதைக் கேட்டு அவர்கள் நன்றாக இருக்கட்டும். பட்டறையில் சிராஜ், அடுத்தது எப்போது வரும் என்று கேட்கிறான், வேலையைப் பார். ஆனால் இந்த இருபத்திரண்டு நிமிடம் வெளியே போக வேண்டாம். பெரியப்பாவும் கேட்கணும் என்கிறார். அவரைப் பற்றி என்ன பாடி வைத்தேனோ, அதனால் முடியாது என்று சொல்லிவிட்டேன். முறைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

அப்பாவுக்கு வருஷத் திதி மே கடைசியில் வருகிறது. பள்ளி லீவு நாள், டிக்கெட் கிடைக்காது, இப்போதே போட்டுவை. தாதரில் இறங்கு, நான் பிளாட்பாரத்துக்கு வருகிறேன். ஒரு வாரமாவது தங்குகிற மாதிரி வா.

சாமி கும்பிட்டு எல்லாரும் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு உட்காருவோம். இயர்போனில் ஒரு காது உனக்கு, ஒரு காது எனக்கு.

நீ சிரித்த இடம் வரும்போது என் கையைத் தொடு. நானும் அங்கே சிரிக்கணும்.

உன் வரவுக்காக வாசலைப் பார்த்திருக்கும்
அம்மா