ரீசெட்

ஜூலை 6, ஞாயிறு

லேப்டாப் எழும்பவில்லை. கம்பெனிப் படம் வருகிறது, கீழே புள்ளிகள் சுற்றுகின்றன, பொசுக்கென்று அணைந்து மறுபடி முதலிலிருந்து. காலையிலிருந்து இதே கூத்து.

ஞாயிறு என்றால் என் மகள் கனிஷ்காவுக்கு அவள் அப்பாவின் படத்தைப் பார்த்தாக வேண்டும். இப்போது அவளுக்கு ஐந்து வயது. அவர் பைக்கில் போய் லாரியில் அடிபட்டபோது இரண்டு. அவருடைய ஃபோனும் அன்றே நொறுங்கிப் போனது. அவர் குரல் மிச்சமிருப்பது இந்த லேப்டாப்பில் போட்டுவைத்த ஒரே ஒரு வீடியோவில்தான். "ஏ கனி, இங்கன பாரு தாயி, அப்பாவப் பாரு." அவ்வளவுதான் அதில் பேசுவார்.

"அப்பா ஏன் வரமாட்றாரு?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

ஜூலை 7

ஷிஃப்ட் முடிந்து வந்ததும் போட்டுப் பார்த்தேன். அதேதான்.

ஜூலை 9

ஒரகடம் கூட்டு ரோட்டில் ஃபோன் கடை வைத்திருக்கும் ஸ்ரீதரிடம் கேட்டேன். "நீ எதையும் அமுக்காதக்கா. டிஸ்க்க கழட்டி வேற சிஸ்டத்துல மாட்னா உள்ள கீறதெல்லாம் எடுத்துர்லாம். ஞாயித்துக்கெழம எடுத்துகினு வா" என்றான். வயிற்றில் பாலை வார்த்தான்.

கனிஷ்காவைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ் ஓனர் மரகதம் அக்காவிடம் சொன்னேன். "அந்தப் பொட்டிய இன்னும் எத்தினி நாளு கட்டிகினு அழுவ பூமாரி? அத்த மூட்ட கட்டி வை" என்றார். நல்ல மனுஷிதான். இருந்தாலும் சுருக்கென்றது.

ஜூலை 11, வெள்ளி

என் கையை வெட்டிப் போட்டால் என்ன.

வேலை முடிந்து வந்தேன். கனி லேப்டாப்பை விரித்துவைத்து முன்னால் உட்கார்ந்திருந்தாள். இந்த முறை அது அணையவில்லை. நீல நிறத்தில் இங்கிலீஷில் ஏதோ கேட்டுக்கொண்டு நின்றது. ஸ்ரீதர் சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ரீசெட் என்று ஒன்று இருந்தது.

ரீசெட் எனக்குத் தெரியாதா? கம்பெனி லைனில் தினமும் அதுதானே. மெஷின் சிவப்பு விளக்குப் போட்டு நின்றால், சிக்கிய பீஸ் எல்லாவற்றையும் எடு, ரீசெட் அமுக்கு, விட்ட இடத்திலிருந்து ஓடும். இதிலும் எல்லாவற்றையும் எடுக்கட்டுமா என்று ஒரு கேள்வி வந்தது. சிக்குனதத்தான் கேக்குதுன்னு நெனச்சேன். எடுன்னு அமுக்குனேன். கனி கை தட்டுச்சு.

ரொம்ப நேரம் ஓடி, எழும்பிவிட்டது. புதுசு மாதிரி. உள்ளே ஒன்றுமே இல்லை.

ஏன்டி அமுக்குன? சொன்னான்ல அவன்? ரெண்டு நாளு பொறுக்க முடியலயா ஒனக்கு?

ஜூலை 13, ஞாயிறு

ஸ்ரீதர் மதியம்வரை என்னென்னவோ ஓட்டிப் பார்த்தான். "எல்லாத்தையும் அழிச்சிட்டு மேல புச்சா எழுதிகீதுக்கா" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடையில் ரிப்பேருக்கு இருக்கிறது என்று கனியிடம் பொய் சொன்னேன்.

ஜூலை 20, ஞாயிறு

இன்றும் கேட்டாள். இன்றும் அதே பொய்.

கண்ணை மூடினால் அவர் முகம் வருகிறது, குரல் வரமாட்டேன் என்கிறது. இங்கன பாரு தாயி என்று நானே சொல்லிப் பார்த்தேன். என் குரல்தான் கேட்கிறது. பாவி நான்.

ஜூலை 21, திங்கள்

காலையில் தலை பின்னிவிடும்போது சொல்லிவிட்டேன். "அம்மா தப்பா அமுக்கிட்டேன் கனி. அந்தப் படம் போயிருச்சு. இனி வராது."

பின்னலோடு திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப, அப்பா செத்துட்டாராம்மா?"

அந்த வார்த்தையை நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அப்போதுதான் உறைத்தது. அப்பா எங்கே என்று கேட்டபோதெல்லாம் லேப்டாப்பைத்தானே திறந்து காட்டினேன்.

ஆமாம் என்றேன்.

மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மெயின் ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.