படிப்பு முடிந்த பிறகு

பெஹாலா, கொல்கத்தா
9 பிப்ரவரி 2025

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நலம். நீங்களும் நலம் என்று சஹானா பெங்களூரிலிருந்து சொன்னாள். பெற்றவர்கள் சேதி மகள் வழியாகப் போய் வருவது அவளுக்கு அலுத்துவிட்டதாம். "நான் என்ன தபாலாபீஸா" என்கிறாள். இருந்தாலும் கடிதத்தில் மட்டும் பேசுவது என்று நாம் போட்ட ஒப்பந்தம் நல்ல ஒப்பந்தம். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் எனக்குக் கோபம் வருகிறது. எழுதினால், கோபம் ஸ்பீட் போஸ்டில் கோயம்புத்தூர் வந்து சேர்வதற்குள் ஆறிப்போகிறது.

கடைசி டெர்ம் ஓடிக்கொண்டிருக்கிறது, என்னைத் தவிர. நான் உட்கார்ந்தே இருக்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை கிடர்பூர் கிடங்கில் லாரிகள் ஏன் தாமதம் என்று திட்டு வாங்குகிறேன். சனி ஞாயிறு இரண்டு ஆட்டோ மாறி பாலிகஞ்ச் போய், லாரிகள் ஏன் தாமதம் என்று பாடம் படிக்கிறேன். பாடத்தில் வருகிற லாரிக்கு டிரைவர் டீ குடிக்க இறங்குவதில்லை. அது ஒன்றுதான் வித்தியாசம்.

இந்த பிசினஸ் ஸ்கூலில் எதைக் கொடுத்தாலும் நாலு கட்டம் போட்டு அதில் அடைத்துவிடுகிறார்கள். நானும் பழகிவிட்டேன். நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா, பெரியம்மா முறை வைத்துக் கூப்பிடுகிற மாஷிமா, 'அதிக சத்தம், குறைந்த பயன்' கட்டத்தில் இருக்கிறார். என் முழங்காலும் அதே கட்டம்.

வகுப்பில் எல்லோரும் களைத்துவிட்டார்கள். ரோஹித் என்று ஒரு பையன், கப்பல் கம்பெனியில் வேலை, என்னை 'வல்லிதி' என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடுவான். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தை அவனுக்குக் கைவந்துவிட்டது. போன வாரம் புரொபசர் அவனிடம் கேள்வி கேட்க, "இட் டிபெண்ட்ஸ் சார்" என்றான், தூக்கத்திலேயே. புரொபசர் "எக்ஸாக்ட்லி" என்றார். பத்மஜா என்று தூத்துக்குடிப் பெண், சால்ட் லேக்கில் ஐ.டி. வேலை. முதல் மாதம் என்னை ஆன்ட்டி என்றாள். ஒரு பார்வை பார்த்தேன். அக்கா ஆகிவிட்டேன்.

மற்றபடி இங்கே குளிர் போய்விட்டது. ஆனாலும் மாஷிமா குரங்குக் குல்லாயைக் கழற்றவில்லை.

உங்கள்
சுந்தரவல்லி
(நாற்பத்தேழு வயது மாணவி)

*

சாய்பாபா காலனி, கோயம்புத்தூர்
18 பிப்ரவரி 2025

அன்புள்ள வல்லி,

கடிதம் வந்தது. ரோஹித் கதையை ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். எங்கள் பாலிடெக்னிக்கில் பையன்கள் கண்ணை மூடிக்கொண்டே தூங்குகிறார்கள், அந்த அளவுக்கு நேர்மையானவர்கள் என்று சொல்லிச் சிரித்தார்கள்.

மாடி அறைக்கு வெள்ளை அடித்திருக்கிறேன். உனக்கு மேஜை போட அந்த ஜன்னலோரம் சரியாக இருக்கும். பெயின்ட்காரர், "அம்மா எப்ப வர்றாங்க, சார்?" என்று கேட்டார். படிப்பு முடிந்ததும் என்றேன். இரண்டு வருஷமாக யார் கேட்டாலும் அதையேதான் சொல்கிறேன். நீ எனக்குச் சொன்னதும் அதுதான்.

மே மாதத்தோடு கொல்கத்தாவில் உன் பணிக்காலம் முடிகிறது. போன வருஷமே முடிந்திருக்க வேண்டியது. படிப்பு பாதியில் நிற்கக்கூடாது என்று நீட்டித்துக்கொண்டாய். நியாயம்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது படிப்பும் முடிகிறது. கோவை ஆபீஸுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தாயா? டிசம்பரில் கேட்டேன், மாஷிமாவின் மீன் குழம்பைப் பற்றி எழுதினாய். ஜனவரியில் கேட்டேன், கங்காசாகர் திருவிழாக் கூட்டத்தைப் பற்றி எழுதினாய். இரண்டும் நன்றாக இருந்தன.

பட்டமளிப்பு எப்போது என்று எழுது. லீவு சொல்ல வேண்டும்.

அன்புடன்
கிரிதர்

*

பெஹாலா
3 மார்ச் 2025

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

பட்டமளிப்பு மார்ச் 29, சனிக்கிழமை. நேற்றோடு வகுப்பு முடிந்தது. கடைசி வகுப்பில் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

புரொபசர் நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னார். இரண்டு வருஷத்தில் என்ன கிடைத்தது என்று ஒவ்வொருவராக மனசைத் திறந்து சொல்ல வேண்டுமாம். முதல் நாள் எல்லோரும் "தலைமைப் பண்பு" என்று சொல்லித்தான் உள்ளே வந்தோம். வெளியே போகும்போது யாரும் அந்த வார்த்தையைத் தொடவில்லை.

ரோஹித் எழுந்தான். "புரமோஷனுக்காகச் சேர்ந்தேன். நான் இங்கே உட்கார்ந்திருந்த சனிக்கிழமைகளில் என் ஜூனியர் ஆபீஸில் உட்கார்ந்திருந்தான். புரமோஷன் அவனுக்கு" என்றான். கை தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் பாதிப் பேர் தட்டினார்கள்.

பத்மஜா சொன்னது இன்னும் வேடிக்கை. "வீட்ல கல்யாணப் பேச்சை நிறுத்தணும்னு சேர்ந்தேன். படிக்கிற பொண்ணை யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்கல்ல. ரெண்டு வருஷம் நிம்மதியா இருந்தேன். நாளையிலேர்ந்து என்ன சொல்றதுன்னு தெரியல." வகுப்பிலேயே அதிகமாகச் சிரித்தது நான்தான்.

என் முறை வந்தது. "இந்த வயசுக்கு மேல் மூளை விரியாது என்றார்கள், இடுப்பு விரிந்தது" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். நல்ல வரவேற்பு.

அதற்கப்புறம் பக்கத்தில் இருப்பவரைப் பற்றி ஒரு உண்மை சொல்ல வேண்டும் என்றார் புரொபசர். என் பக்கத்தில் பத்மஜா. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ரெண்டு வருஷமா எங்க எல்லாரையும் சிரிக்க வச்சீங்க. உங்களைப் பத்தி எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. கேக்கவும் பயம். அங்கிள் எப்ப தவறினாங்க?"

அத்தனை முகத்திலும் துக்கம். ரோஹித் முழுசாக விழித்துக்கொண்டான். "அவர் உயிரோடதான் இருக்கார், கோயம்புத்தூர்ல கெமிஸ்ட்ரி நடத்துறார்" என்றேன். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். உங்களுக்குப் பல்லாண்டு. பொட்டு வைத்திருக்கிறேனே, தெரியவில்லையா என்று அவளைக் கேட்டால், "இப்ப எல்லாருமே வைக்கிறாங்களே, அக்கா" என்கிறாள்.

இன்னும் சிரித்து முடியவில்லை. உடம்புதான் அடித்துப் போட்டது மாதிரி இருக்கிறது. இன்று ஆபீஸுக்குப் போகாமல் படுத்திருந்தேன்.

உங்கள்
சுந்தரவல்லி

*

கோயம்புத்தூர்
11 மார்ச் 2025

அன்புள்ள வல்லி,

முதல் தரம் படித்தபோது சிரித்தேன். இரண்டாம் தரம் படித்தபோது சிரிப்பு வரவில்லை.

கோபத்தில் எழுதவில்லை. இரண்டு நாள் வைத்திருந்துதான் எழுதுகிறேன். ஐம்பது அறுபது பேரோடு இரண்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறாய். ஒரு தடவைகூட 'எங்கள் வீட்டுக்காரர்' என்ற பேச்சு வரவில்லை. மறந்ததா, மறைத்ததா என்று யோசித்துப் பார்த்தேன். மறந்தது என்றால் எனக்கு வருத்தம் அதிகம்.

இன்னொன்று. கல்யாணப் பேச்சை நிறுத்தத்தான் படிக்க வந்தேன் என்று அந்தப் பெண் சொன்னதை எழுதிவிட்டு, வேகமாக அடுத்ததற்குப் போய்விட்டாய். நான் விடைத்தாள் திருத்துகிறவன். பையன் எந்த இடத்தில் அவசரமாகத் தாண்டுகிறான் என்று எனக்குத் தெரியும்.

நேராகக் கேட்கிறேன். மே மாதம் வருகிறாயா, இல்லையா? எதுவானாலும் எழுது. இந்த ஒரு தடவை மட்டும் தமாஷ் வேண்டாம்.

கிரிதர்

*

பெஹாலா
6 ஏப்ரல் 2025

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கேள்விக்கு உடனே பதில் எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தேன். தமாஷ் இல்லாமல் முதல் வரியே வரவில்லை, எடுத்து வைத்துவிட்டேன். பதில் வராமலேயே நீங்கள் புறப்பட்டு வந்துவிட்டீர்கள்.

பட்டமளிப்பு அன்று கறுப்பு அங்கியில் வக்கீல் மாதிரி மேடை ஏறி இறங்கிவிட்டுப் பார்த்தால், கடைசி வரிசையில் சாம்பல் நிற முழுக்கைச் சட்டை. பத்மஜாதான் முதலில் கவனித்தாள். "அக்கா, அங்கே ஒருத்தர் உங்களையே பாத்துட்டு நிக்கிறாரு. கெமிஸ்ட்ரியா?" என்றாள். வந்தீர்களே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அப்புறம் புல்வெளியில் சாப்பாடு. ரோஹித் உங்களை விடவில்லை. "ஜாமாய்பாபு, ஜாமாய்பாபு" என்று அக்கா புருஷனுக்கு உரிய மரியாதையோடு தட்டில் மீனை வைத்தான். சாப்பிடமாட்டார் என்று நான் சொல்ல வருவதற்குள் நீங்கள் பேச ஆரம்பித்துவிட்டீர்கள். இன்ஸ்பெக்‌ஷன் அன்று லேபில் அழுகின முட்டை நாற்றத்தோடு கேஸ் கசிந்ததும், பிரின்சிபால் கேன்டீன்காரரைக் கூப்பிட்டு முட்டையை மோந்து பார்க்கச் சொன்னதும், கேன்டீன்காரர் ஒவ்வொரு முட்டையாக மோந்துவிட்டு "நல்ல முட்டைதானுங்க, ஐயா" என்று சொன்னதும். அந்தக் கேன்டீன்காரர் குரலிலேயே பேசிக் காட்டினீர்கள். பத்மஜாவுக்குப் புரையேறியது. ஒரு வார்த்தை தமிழ் தெரியாதவர்கள்கூடச் சிரித்தார்கள்.

நான் தட்டை வைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். எனக்கு அந்தக் கதை புதுசு. சஹானா ஏழாம் வகுப்புப் படித்தபோது நடந்தது என்றீர்கள். அந்தச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்னிடம் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்தேன். "காபி" என்று சொல்லியிருப்பீர்கள்.

டாக்ஸியில் ஏறினோம். பெஹாலா வரும் வரை ஒன்றும் பேசவில்லை. நீங்கள் இருந்த நாலு நாளும், தண்ணி எங்கே, ஃபேனைக் குறை, பேப்பர் வந்துச்சா, இவ்வளவுதான் உங்கள் பேச்சு. அமைதி தாங்காமல் நான் பேச ஆரம்பித்தேன். மாஷிமா மாதிரி நடந்து காட்டினேன், ஆபீஸ் கதை சொன்னேன், புரொபசர் பாடம் நடத்துகிற மாதிரி நடித்தேன். நீங்கள் லேசாகச் சிரித்தீர்கள். ராத்திரி படுக்கும்போது எனக்கு லாரியிலிருந்து மூட்டை இறக்கின களைப்பு.

இருபத்து மூன்று வருஷம் அந்த வீட்டில் சத்தம் என் பொறுப்பு. நீங்கள் கெட்ட மனுஷர் இல்லை. கை நீட்டியதில்லை, கணக்குக் கேட்டதில்லை, படிக்கிறேன் என்றபோது சரி என்றீர்கள். உங்களைப் பற்றிக் குறை சொல்லப் போனால் கேட்கிறவர்கள் எனக்குத்தான் கிறுக்கு என்பார்கள். ஒருத்தியே ரெண்டு பேருக்குமாகப் பேசி எனக்கு அலுத்துவிட்டது. இங்கேயும் வகுப்பில் அதையேதான் செய்தேன், பழக்க தோஷம். ஆனால் ஞாயிறு சாயங்காலம் வீடு திரும்பிக் கதவைச் சாத்தினால், சிரிக்க வைக்க யாரும் இல்லை. சும்மா உட்கார்ந்திருப்பேன். வகுப்பில் உங்கள் பேச்சு வராததற்குக் காரணம் இதுதான். மறக்கவில்லை. உங்களைப் பற்றிச் சொல்லியிருந்தால், எப்போது ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டிருப்பார்கள்.

ஆமாம், பத்மஜா மாதிரி நானும் படிப்புக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருந்தேன். இப்போது அதுவும் இல்லை. மாற்றல் கேட்கவில்லை. இங்கேயே தொடர்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மே மாதம் வரவில்லை.

கடிதம் எழுதுகிற கிரிதரை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. என் வரிக்கு வரி பதில் சொல்கிறார், அவசரமாக நான் தாண்டின இடத்தைப் பிடிக்கிறார், கிண்டல்கூடச் செய்கிறார். சாய்பாபா காலனி வீட்டில் அவர் இருந்தால் நாளைக்கே கிளம்பி வந்துவிடுவேன். நீங்கள் அவரைப் பார்த்தால் சொல்லுங்கள்.

சுந்தரவல்லி

*

கோயம்புத்தூர்
14 ஏப்ரல் 2025

அன்புள்ள வல்லி,

இன்று வருஷப் பிறப்பு. எதிர்வீட்டில் பாயசம் கொடுத்தார்கள். அந்த அம்மா வாசலில் நின்று என்னென்னவோ கேட்டார்கள். நல்லா இருக்குங்க என்று மட்டும் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் யோசித்தேன். நல்ல நல்ல பதிலாக வந்தது.

உன் கடிதத்தை மறுக்க வழி தேடினேன். கிடைக்கவில்லை. வகுப்பில் நாற்பது பேர் எதிரே இருந்தால் எனக்குப் பேச்சு வருகிறது. முன்னால் ஒரே ஒருத்தர், அதுவும் என்னைத் தெரிந்தவர் என்றால் வாய் கட்டிக்கொள்கிறது. இந்தக் காகிதத்துக்கு முகம் இல்லை என்பதால் எழுதுகிறேன் போல. ஹௌராவில் ரயில் கிளம்பக் கால் மணி நேரம் இருந்தது. அங்கி போட்டு நீ மேடை ஏறினபோது எனக்குப் பெருமையாக இருந்தது, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆளிடம் "என் மனைவி" என்று சொன்னேன், இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். தண்ணி பாட்டில் வாங்கிட்டியா என்று கேட்டேன்.

இனிமேல் எப்போது வருகிறாய் என்று கேட்கமாட்டேன். எழுதுவேன்.

நேற்று சஹானா போன் செய்தாள். அம்மா அங்கேயே இருக்கப் போகிறாள் என்று நானே சொன்னேன். "எத்தனை நாளைக்குப்பா?" என்று கேட்டாள்.

நான் பேசக் கற்றுக்கொள்ளும் வரைக்கும் என்று சொல்ல நினைத்தேன்.

தெரியாது என்றேன்.

அன்புடன்
கிரிதர்