போஞ்சிப் பாத்தியும் உன் பரிசும்

அன்பு மகள் லோஜினிக்கு,

மஹய்யாவையிலிருந்து அம்மா எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் எழுந்து நடமாடுகிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீ சுகமாக இருக்க வேண்டும், அதில் மட்டும் மாற்றமில்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ அழுவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். இந்த முறை நிறுத்துவதாக இல்லை.

நீ போனில் அனுப்பிய படம் கிடைத்தது. அந்த நாட்டில் விவசாயச் சட்டம் படித்த பெரியவர்களின் சங்கம் இந்த வருஷத்துச் சிறந்த கட்டுரைக்கென்று கொடுத்த பரிசாம், தம்பி ரமேஸ் வாசித்துச் சொன்னான். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. டவுனுக்குப் போய் அதைப் பெரிதாக அடித்து, மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார், முனிசிபலில் தன்னோடு வேலை செய்த தனபாலன் மாமாவுக்கும் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். நான் அதை அலுமாரிக்கு மேல் குப்புறப் போட்டிருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை தேயிலைத் தோட்டத்தில் உன் பெரியம்மாவின் போஞ்சிப் பாத்தியைச் சுற்றிக் கம்பி வேலி அடித்துவிட்டார்கள். லயத்து வீடுகளுக்குப் பின்னால் காடாகக் கிடந்த சரிவு அது. என் அக்கா ரத்தினம்மா தனியாளாக வெட்டித் திருத்தி இருபத்தொன்பது வருஷமாகப் பயிர் செய்கிறாள். நீ கம்பஸில் படித்தபோது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கட்டுகஸ்தோட்டையில் பஸ் மாறி ஒரு பை போஞ்சிக்காயோடு வந்து நின்றாளே, மறந்திருக்க மாட்டாய். பயிர் செய்துகொள் என்று அந்தக் காலத்துத் தோட்டத் தொரை கையெழுத்துப் போட்டுக் கொடுத்த துண்டுக் காகிதம் ஒன்றுதான் அவளிடம் இருந்த ஆதாரம். வேலி அடிக்கும் முன்னால் அவளைத் தோட்டத்து ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். தோட்டக் கம்பனிக்காரர்களின் சட்டத்தரணி ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டியிருக்கிறான். உன் கட்டுரை. அதில் அந்தத் துண்டின் படம், அக்கா பாத்தியில் நிற்கும் படம், கீழே அவள் பெயர், தோட்டத்தின் பெயர். ஊர் பெயரை மறைக்க வேண்டும் என்று கூடவா உங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை? அக்காவுக்கு ஒரே சந்தோசம். இது உங்கள் துண்டுதானா என்று கேட்டதற்கு, "ஆமாங்க, எந்துண்டுதாங்க, எங்க லோஜி எழுதுனதுங்க, எந்தங்கச்சி மகளுங்க" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அதை அப்படியே எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். இந்த மாதிரித் துண்டுக்குச் சட்டத்தில் ஒரு பெறுமதியும் இல்லை என்று நீ எழுதியிருக்கிறாயாம். கூடப்போன ரவிகுமார், தோட்டத்துப் பள்ளிக்கூட இங்கிலிஸ் மாஸ்டர், அவர்தான் இரண்டு பஸ் பிடித்து வந்து என்னிடம் சொன்னார். மனுசன் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். கடைசிப் பக்கத்தில் சட்டம் மாற வேண்டும், இந்த மக்களுக்கு நிலம் கிடைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேனே என்பாய். ரவிகுமார் அதையும் வாசித்துக் காட்டினார், நன்றாகத்தான் இருந்தது. வேலி அடிக்க வந்தவன் கடைசிப் பக்கம் வரை படிப்பானா? அவனுக்கு வேண்டியதை நடுவிலேயே வைத்துக் கொடுத்திருக்கிறாய், முத்திரை குத்தின மாதிரி மேலே ஒரு பரிசும் வாங்கி வைத்திருக்கிறாய். அந்தக் கம்பனிச் சட்டத்தரணியே அக்காவிடம் சொன்னானாம், "ஒங்க புள்ளைக்கு இதுக்குத்தான் பரிசே குடுத்திருக்காங்க" என்று.

நானும் ரவிகுமாரும் டவுனில் ஒரு சட்டத்தரணி அம்மாவைப் பார்த்தோம். துண்டு உறுதிப்பத்திரம் ஆகாது, ஆனால் எந்த வருஷத்திலிருந்து, யார் சம்மதத்தோடு பயிர் செய்தாள் என்பதற்கு அது சாட்சி என்கிறார். அடுத்த மாதம் பதினாலாம் திகதி இந்த வேலி பற்றிய விசாரணை. "படத்த வச்சி ஒண்ணும் பேச ஏலாதுங்க, ஒரிஜினல கொண்டாங்க" என்றார். ஒரிஜினல் எங்கே? இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தபோது, படம் எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று அக்கா வீட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து பிளாஸ்டிக் கவரோடு வாங்கிப் போனாய். பெரியம்மா ஒரு தடவை கூடத் திருப்பிக் கேட்கவில்லை. பிள்ளையிடம் இருக்கிறது, பத்திரம் என்றாள். அப்பா பெரிதாக அடித்த படத்தில் பார்த்தேன், பரிசைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய், உன் தோளுக்குப் பின்னால் சுவரில் கண்ணாடி போட்டு அழகாக மாட்டியிருக்கிறாய் அதை. வருகிறவர்களுக்குக் காட்டவா? அதனால்தான் படத்தைக் குப்புறப் போட்டேன்.

இந்தக் கடிதம் கண்ட அன்றைக்கே அதைக் கழற்றிப் பதிவுத் தபாலில் அனுப்பு. என் கட்டுரையை இப்படிப் பாவிக்கக் கூடாது என்று நீயும் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் வை. பரிசு கொடுத்தவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். காலியான கண்ணாடிக்குள் பரிசை மாட்டிக்கொள், சரியாக இருக்கும். அங்கே குளிராம், ஈரத் தலையோடு வெளியே போகாதே, அதற்கும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு உன் பெயரில் அர்ச்சனை செய்தேன், பரிசுக்காக இல்லை, புத்திக்காக. அவர் உன்னைக் கைவிடாமல் பார்த்துக்கொள்வார்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். உன் கட்டுரையில் அவள் படம் இருக்கிற பக்கத்தை அக்கா அந்தச் சட்டத்தரணியிடமே கேட்டு வாங்கி வந்து, துண்டு இருந்த இடத்தில், சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். விசாரணைக்கு அதைத்தான் கொண்டுபோகப் போகிறாளாம், லோஜி எழுதியிருக்கிறாள், போதும் என்கிறாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நானும் ரவிகுமாரும் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. பதினாலாம் திகதிக்குள் துண்டு வராவிட்டால் நான் சொல்லிவிடுவேன்.

உன்னைப் பெற்றவள்,
புஷ்பம்