புடவைக்கடைப் படத்தின் இடப்பக்கம்

நேற்றுப் பகல் தபால்காரர் உன் வீட்டுப் படலையைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். மெல்பேணிலிருந்து உன் பேருக்கு ஓர் உறை. நீ கண்ணை மூடி மூன்று மாதமாகிறது என்ற செய்தி அங்கே எட்டவில்லை. பிரித்தால் பூச்சி உருண்டை மணம். உள்ளே வெள்ளைக்காரர் காலத்துத் தபாலட்டை ஒன்று. நம் தெரு வாவியைத் தொடுகிற இடம், ஒரு தோணி, கரையில் குடையோடு ஒரு துரை. தெரு முனையில் தச்சுப் பட்டறை வைத்திருந்த பறங்கியரின் பேத்தி அனுப்பியிருக்கிறாள். “நீங்கள் கேட்டது இதுதானா, அன்ரி?” என்று ஒரு துண்டும் வைத்திருக்கிறாள்.

இதேதான். இரண்டு வருடமாக நீ கேட்டு எழுதிக்கொண்டிருந்தது இதைத்தான். ஆற அமர இப்போது வந்து சேர்ந்திருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைக் கிழித்துப் போட்டிருப்பேன். கிழிக்காமல் மேசையில் வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று என்னிடம் இருக்கிறது.

புளியந்தீவில் நம் தெருவின் கதையைப் பழைய படங்களைக் கொண்டு எழுத வேண்டும் என்று தொடங்கியது நீ. முப்பது வருடம் பிள்ளைப்பேறு பார்க்கிற மிசியாக இருந்து தெருவில் பாதிப் பேரைக் கையில் ஏந்தியவள். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க உனக்குத் தெரியவில்லை. நானோ பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்துவிட்டு வீட்டில் இருந்தவள். மகன் கனடாவிலிருந்து அனுப்பிய போன் என்னிடம் இருந்ததால் என்னைக் கூட்டுச் சேர்த்தாய்.

“ஆருக்கு மச்சாள் இது? நம்மட தெருக் கதைய ஆர் வாசிக்கப் போறா?” என்று கேட்டேன்.

“வாசிக்காட்டிப் போறாங்க. இப்பிடி ஒண்டு இருந்த எண்டாவது கிடக்கட்டும்” என்றாய்.

முதல் மாதம் முழுக்க நம்மை நிவாரணம் பதிய வந்தவர்கள் என்றே நினைத்தார்கள். உடைந்த கூரையைக் காட்டினார்கள், மலசலகூடத்தைக் காட்டினார்கள். நாம் படம் கேட்டதும் முகம் மாறியது. படத்தை வெளியே கொடுக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. போர்ப் பிரச்சினைக் காலத்தில், காணாமல் போனவர்களின் விசாரணைக்கென்று கொடுத்த படங்கள் திரும்பி வராத வீடுகள் அவை. ஆகவே நீ ஒரு விதி வைத்தாய்: படம் வீட்டைவிட்டு வெளியே போகாது. அவர்கள் கண்முன்னே மேசையில் வெள்ளைத் துணி விரித்து, நான் போனில் எடுப்பேன். நீ கொப்பியில் எழுதுவாய். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ‘சொன்னவர்’ என்று ஒரு வரி இருக்கும். ஆர் சொன்னது என்று தெரியாத கதையை எழுத மாட்டேன் என்று நின்றாய். மிசிமாரின் பதிவேட்டுப் பழக்கம் என்று உன்னைக் கேலி செய்தேன்.

படங்களில் இருந்த ஓட்டைகளைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. கலியாணப் படத்தில் மாப்பிள்ளைத் தோழனுக்கு முகமில்லை, அளவாகச் சதுரமாக வெட்டியிருக்கும். கோயில் திருவிழாப் படத்தில் இரண்டு ஓட்டை. தெருவை விட்டுத் தேற்றாத்தீவுக்குப் போய்விட்ட ஒரு அம்மா, ஓட்டைக்குள் விரலை விட்டுக் காட்டினார். “இது என்ட மூத்தவன், மனே. முறைப்பாட்டுக் கடதாசியோட ஒட்டிக் குடுக்கச் சொன்னாங்க. வேற படம் இல்ல, இதில வெட்டித்தான் குடுத்த.” நீ அதை அப்படியே எழுதிக்கொண்டாய்.

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உன் தம்பியைப் பற்றிப் பேசினாய். கூட்டிக்கொண்டு போனார்கள், வரவில்லை. அது எனக்கும் தெரிந்த கதை. அவன் முகம் தெளிவாக இருந்த படத்தை உன் அம்மா வெட்டிக் கொடுத்ததும், மிச்சப் படங்கள் இடம்பெயர்ந்த நாட்களில் போனதும் எனக்குத் தெரியாது.

“எனக்கு அவன்ட முகம் வருகுதில்ல, புள்ள. நடை வருது. சிரிக்கிற சத்தம் வருது. முகம் மட்டும் வருகுதில்ல. கடை கடையா போர்டு எழுதித் திரிஞ்சவன். ஆர்ரயும் படத்தில ஒரு மூலையில நிண்டிருக்க மாட்டானா?”

தெருக் கதை எதற்காக என்று அப்போதுதான் விளங்கியது. என்னை ஏமாற்றிவிட்டாய் என்று சண்டை பிடித்தேன். “தெருவும் வேணுந்தான். அவனும் வேணும்” என்று சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அதற்குப் பிறகு எந்தப் படம் கிடைத்தாலும் நீ முதலில் ஓரங்களைத்தான் பார்த்தாய்.

நான் ஓரங்களை வெட்டிக்கொண்டிருந்தேன்.

நீ அதைக் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு எதிலும் ஓரம் நேராக இருக்க வேண்டும், அது என் தொழில் புத்தி. கோணலாகக் கிடந்த படத்தை நேராக்குவேன், மங்கிய பக்கத்தை ஒதுக்குவேன். தெருவைத்தானே காட்டுகிறோம், கட்டடம் தெளிவாக இருக்கட்டும் என்ற நினைப்பு. பஸ்ஸில் நீ அப்படிச் சொன்ன பிறகும் கை பழக்கத்தை விடவில்லை. உன்னோடு இருக்கிற நாட்களில் மட்டும் நீ பார்த்த பிறகு வெட்டினேன்.

அந்த நாள் நீ இல்லை. உனக்கு இரத்தம் சுத்திகரிக்கிற நாள். நான் தனியாகக் காத்தான்குடிக்குப் போனேன். நம் தெருவில் புடவைக்கடை வைத்திருந்து, பிரச்சினையோடு பூட்டிக்கொண்டு போன ஹாஜியாரின் வீடு. தேத்தண்ணி தந்து, அல்பத்தைத் திறந்து, கடை திறந்த நாளின் படத்தைக் காட்டினார். புதுப் பெயர்ப்பலகை, வாசலில் அவரும் அவர் வாப்பாவும் உறவுக்காரரும். இடப்பக்கம் ஒருவன் தள்ளி நின்றான், ஏணியைப் பிடித்தபடி. அந்தப் பக்கம் கொஞ்சம் வெளுத்திருந்தது. நான் எடுத்தேன். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது நேராக்கினேன், இடப்பக்கத்தை ஒதுக்கினேன். போனில் இடமில்லை என்று வந்தது. முதல் எடுத்ததை அழித்தேன்.

பின்னேரம் உன் வீட்டில் அதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாய். “இது அவன்ட எழுத்து! இந்தச் சுழிய ஆரும் போட மாட்டாங்க.” பலகையைப் பெரிதாக்கி ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாய். பிறகு உன் விரல் இடப்பக்கம் போனது. நான் வெட்டியதில் ஒரு முழங்கை மிஞ்சியிருந்தது, மடித்துவிட்ட சட்டைக் கையும்.

“இது ஆர்ர கை?”

“தெருவால போனவன் ஆராக்கும்.”

“படம் இவ்வளவுதானா? இஞ்சால ஆரும் நிக்கல்லையா?”

“இல்ல மச்சாள். முகம் படத்திலயே இல்ல. இவ்வளவுதான்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை நாளாக யோசிக்கிறேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. வெட்டியது நான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நாளைக்கே போய் மறுகா எடுத்து வந்து காட்டினால் சரி என்று நினைத்தேன். நாளைக்குப் போகவில்லை. கால் வலி என்றேன், மழை என்றேன். அந்த மாரியில் வெள்ளம் வந்தது, உனக்குத் தெரியும்.

வெள்ளம் வடிந்த பிறகு போனேன். ஹாஜியார் அல்பத்தை வெயிலில் வைத்திருந்தார். அலுமாரி அடித்தட்டில் இருந்ததாம். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்த இடத்தில் படம் உரிந்து வெள்ளையாகக் கிடந்தது. கடைப் படத்தில் பலகையின் மேல் பாதிதான் மிச்சம்.

“இடப்பக்கம் ஒருத்தர் ஏணியப் பிடிச்சுக்கொண்டு நிண்டாரே, அவர் ஆர்?” என்று கேட்டேன்.

“அது போர்டு எழுதின தம்பி, டீச்சர். நடுவுல வந்து நில்லுங்க எண்டு கூப்பிட்டன். சட்டையெல்லாம் பெயின்ட் எண்டு வெக்கப்பட்டு வரல்ல. நல்ல புள்ள. பேர் மறந்து போயிட்டு.”

போனைத் திருத்துகிற கடைக்குக் கொண்டு போனேன். நம் தெருவில், அதே புடவைக்கடைக் கட்டடத்தில் இப்போது இருக்கிற கடை. “மேலால வேற படங்கள் பதிஞ்சிட்டு அன்ரி, எடுக்க ஏலா” என்றார்கள். அந்த வாசற்படியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு உன் வீட்டைத் தாண்டிப் போனேன். உள்ளே வரவில்லை.

கடைசிக் கிழமை, வார்ட்டில், அந்தப் படத்தை ஒருக்காக் காட்டச் சொன்னாய். முழங்கையைப் பெரிதாக்கினாய். அது கட்டம் கட்டமாகச் சிதறும் வரைக்கும் பெரிதாக்கினாய்.

“அவன்தானாக்கும், என்ன?”

“இருக்கும் மச்சாள்.”

எனக்கு நிச்சயமாகத் தெரியும். இருக்கும் என்றுதான் சொன்னேன். ஓம் என்றிருந்தால் முகம் எங்கே என்று கேட்டிருப்பாய். நீ போனைத் திருப்பித் தந்துவிட்டு, தண்ணீர் கேட்டாய். தாதி விடவில்லை, வாயை மட்டும் நனைத்தேன்.

முப்பத்தோராம் நாள் முடிந்து உன் மகள் கொப்பியைக் கொண்டு வந்து தந்தாள். அச்சுக்குக் கொடுக்க ஆட்கள் கேட்கிறார்கள், பிழை பார்த்துத் தாருங்கள் மாமி என்றாள். பெரிய நம்பிக்கைதான். கடைப் படத்துக்கு நீ எழுதியிருந்தாய்: “புடவைக்கடைத் திறப்பு. பெயர்ப்பலகை எழுதியது என் தம்பி. இடப்பக்கம் முழங்கை மட்டும். ஆளின் முகம் படத்தில் இல்லை.” கீழே, சொன்னவர் என்ற இடத்தில் என் பெயர்.

அதைத் திருத்தத்தான் நாலு நாளாக இருக்கிறேன். இடப்பக்கம் ஏணியைப் பிடித்தபடி நிற்பவர் இன்னார் என்று எழுதிவிட்டேன். அதற்கு மேல் ஒரு வரி, பார்த்த முகத்தை அப்படியே எழுதினால் உனக்குக் கொடுக்க முடியாமல் போனதற்குக் கொஞ்சமாவது ஈடாகும் என்று பார்க்கிறேன். மீசை இருந்ததா? சிரித்தானா? கண்ணை மூடினால் என் இரண்டு விரல்கள்தான் தெரிகின்றன, போன் கண்ணாடியில் வெட்டுக்கோட்டை உள்ளே தள்ளுகிற விரல்கள்.

மூன்று வீடு தள்ளிப் பிறந்தவள் நான். என் முதல் தையல் மெஷினில் என் பெயரை எழுதித் தந்தவன் அவன். நீ முப்பது வருடமாகத் தேடிய முகம் அன்று பஸ் தரிப்பிடத்தில் என் கையில் இருந்தது. வெளிச்சத்துக்குச் சரித்து வைத்து, நன்றாகப் பார்த்தேன். ஆரோ ஒருவன் என்று நினைத்தேன்.