மாடி அறை இனி வாடகைக்கு இல்லை

அன்பு மகளுக்கு,

அங்கே நீ சௌக்கியமாக இருப்பாய். இங்கே என் மானத்தைத் தவிர எல்லாம் சௌக்கியம். அது நேற்றுக் காலை போய்விட்டது. பனியனோடும் ஒற்றைச் செருப்போடும் ஒரு பெண்மணியைத் துரத்திக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை ஓடினேன். பதறாதே, முழுக்கப் படி.

மாடி அறை வாடகைக்கு என்று பலகை மாட்டியிருந்தேன் இல்லையா, தோளில் பையோடு ஒரு அம்மா வந்து வீட்டைப் பார்க்கலாமா என்றார். பிறகும் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் விட்டால்தானே! படிக்கட்டுக்குக் கைப்பிடி இல்லையா என்றார். விழாதவர்களுக்குத்தான் வாடகைக்கு விடுவது என்றேன். குழந்தை இருந்தால் பரவாயில்லையா என்று கேட்டதும், "ஐயையோ, குழந்தைன்னா வேற இடம் பாத்துக்கோங்கம்மா. கத்தும், குதிக்கும், சுவரெல்லாம் கிறுக்கும், நமக்கு ஒத்துவராது" என்று வாய் கிழியப் பேசி அனுப்பிவிட்டேன். கடையிலிருந்து வந்த உன் அம்மா கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். வந்தவர் தத்தெடுப்பு அலுவலக அதிகாரியாம். நீ பட்டாளத்தில் இருந்துகொண்டே மூன்று வயதுப் பெண் குழந்தையைத் தத்தெடுக்கிறாயாம். உன்னை எல்லைக்கு அனுப்பும் மாதங்களில் பிள்ளையை வளர்க்கப்போவது நாங்களாம். "பாவி மனுஷா, பேத்தியையே வேற இடம் பாக்கச் சொல்லிட்டீங்களே!" என்றாள். நானா, தாத்தாவா? அதுவும் வந்த பிள்ளையை வாசலிலேயே விரட்டிய தாத்தாவா? என் வாயால் உனக்குப் பிள்ளை இல்லாமல் போய்விடுமே என்று நினைத்ததும் கால் தானாக ஓடியது.

கெஞ்சிக் கூட்டிவந்தேன். மாடியில் அவர் அலமாரிக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தார். சின்ன வயதில் நீ கிறுக்கிய ஏழு கால் நீலக் குதிரை. "வீடு பூரா பெயிண்ட் அடிச்சிருக்கீங்க, இதை மட்டும் ஏன் சார் விட்டுட்டீங்க?" என்றார். "ஒவ்வொரு தடவையும் இங்க வரும்போது பெயிண்ட் தீந்துபோச்சும்பாரு" என்று உன் அம்மா போட்டுக்கொடுத்துவிட்டாள். அதிகாரி சிரிக்கவில்லை, பேனாவை மட்டும் மூடினார். "கைப்பிடி போட்டுட்டுச் சொல்லுங்க, திரும்ப வந்து பாக்கறேன்" என்றார். இதை எழுதும்போது வெல்டிங்காரர் படிக்கட்டை அளந்துகொண்டிருக்கிறார். பலகையைக் கழற்றிவிட்டேன். ஆனாலும் மகளே, இவ்வளவு பெரிய விஷயத்தைப் பெற்ற அப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

பிள்ளையும் நீயும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று மறக்காமல் கேட்டு எழுது. சுவரில் இடம் இருக்கிறது.

இன்னும் படபடப்பு அடங்காத,
உன் அப்பா

பி.கு.: போன மாதமே போனில் நீ என்னிடம் சொன்னாயாம். டி.வி.யில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்ததாம். "தாராளமா எடுத்துக்கோம்மா, ஒண்ணுக்கு ரெண்டா எடுத்துக்கோ" என்றேனாம். உன் அம்மா பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள்.