இறக்கிவிட ஒரு கை

ருசே,
மார்ச் முதல் தேதி.

அன்பு மகன் கலோயானுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் அந்தக் கனடாக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். இத்துடன் சிவப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய நூல் இரண்டு வைத்திருக்கிறேன். நம் ஊர் வழக்கப்படி மார்ச் முதல் நாளான இன்றே கையில் கட்டிவிட வேண்டியது. தபால் வந்து சேரும்போது கட்டிக்கொள்ளுங்கள். முதல் நாரையைப் பார்த்த பிறகுதான் கழற்ற வேண்டும். அங்கே நாரை வராது என்றால் ஏதோ ஒரு பறவையைப் பார்த்துக் கழற்று, குற்றமில்லை.

இந்த வருஷம் முட்டைகோஸ் ஊறுகாய் வாயில் வைக்க முடியவில்லை. உன் அப்பா உப்புப் போட்டார். போட்டதை மறந்து மறுபடியும் போட்டார். நானும் சிரித்து விட்டுவிட்டேன்.

இனிமேல் எழுதப்போவதற்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா மேடையில் என்னை அந்தரத்தில் மிதக்கவிடும் நம் மாயாஜால ஆட்டம் உனக்குத் தெரியாததா? அதன் இரும்புக் கம்பிக்கு எண்ணெய் போட்டு வளர்ந்தவன் நீ. திரைக்குப் பின்னாலிருந்து வரும் வளைந்த கம்பி, நான் படுத்திருக்கும், என் கவுன் மறைக்கும் பலகையைத் தாங்குகிறது. திரைக்கு உள்ளே நம் உதவியாள் மித்கோ கைப்பிடியைச் சுற்றினால் நான் மேலே போகிறேன். கயிறு ஏதும் இல்லை என்று காட்ட அப்பா வளையத்தை என் தலைவழியாக நுழைத்துக் கால்வரை கொண்டுவந்தாலும், அது கம்பியின் வளைவில்தான் மாட்டியிருக்கும். பின்பக்கமாகச் சுற்றிவந்து, இன்னொரு முறை தலைவழியே நுழைத்தால்தான் விடுபடும். பார்க்கிறவர்களுக்கு அது இரண்டு மடங்கு அதிசயம்.

அந்தச் சுற்று அவருக்கு மறந்துபோகிறது, கலோயான். குளிர்காலம் முழுவதும் வளையம் இரும்பில் மோதும் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். மேலே மயங்கித் தூங்குவதுபோல் கிடக்கிறவள் வாய் திறக்கலாமா?

போன சனிக்கிழமை வளையத்தைச் சரியாகவே எடுத்தார். கைதட்டினார்கள். குனிந்து வணங்கினார். அப்படியே உள்ளே போய்விட்டார். நான் அந்தரத்தில். அவர் கை தூக்காமல் மித்கோ இறக்க மாட்டான். உள்ளேயிருந்து அவனுக்குத் தூக்கிய கை மட்டும்தான் தெரியும், வளையம் எங்கே இருக்கிறது என்று தெரியாது, தப்பாக இறக்கினால் என் விலா முறியும். முதலில் கைதட்டல், பிறகு இருமல், பிறகு சிரிப்பு. கடைசியில் திரையை இழுத்துவிட்டுத்தான் இறக்கினான்.

உள்ளே போனால், உன் அப்பா ஷூவைக் கழற்றிவிட்டுச் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருக்கிறார். “ஏண்டி நெவேனா, எங்கடி சுத்திட்டு வர்ற? ஆட்டத்துக்கு நேரமாச்சு, போய்ப் படு” என்றார்.

டாக்டரிடம் போகலாம் என்றால், “பறக்கறவ நீ. நீ போய்க் காட்டு” என்கிறார். இந்த ஒரு ஆட்டத்தை மட்டும் விட்டுவிடலாம் என்றேன். “இதையும் எடுத்துட்டா எங்கிட்ட என்னடி இருக்கு?” என்று கேட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் அவர் கூப்பிட்டால் போய்ப் படுத்துவிடுவேன், அதுவும் எனக்குத் தெரிகிறது.

மித்கோ நல்லவன். “வளையத்தோட வழி தெரிஞ்ச ஆளு ஓரமா நிக்கணும்மா. ஐயாவை விட்டா உங்க புள்ளைக்குத்தான் தெரியும்” என்றான். புதிய வேலை, லீவு கிடைக்காது என்று நீ எழுதியதைச் சொன்னேன். அவன் போய்க் கம்பிக்கு எண்ணெய் போட ஆரம்பித்தான்.

ஈஸ்டருக்கு அரங்கு நிறைந்துவிடும் என்கிறார்கள். அப்பாவின் கோட்டுக்கு இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

கடவுள் உங்கள் இருவரையும் நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும். வா என்று உன்னைக் கட்டாயப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. வந்தால் அப்பாவிடம் எதுவும் பேச வேண்டாம், கோபப்பட வேண்டாம். மேடைக்கு இடது ஓரத்தில் நின்று, வளையம் வெளியே வந்ததும் கையை மட்டும் தூக்கு, மகனே. நான் இறங்கிக்கொள்கிறேன்.

உன் அம்மா,
நெவேனா